விசைப்பலகை வழி இயங்கும் லினக்ஸும் இணைய வானொலியும்

கருவி எதுவாயினும் அதனைக் கையாளும் முறை ஒன்றே ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. கணினியைப் பொறுத்தவரை, சுட்டியைக் கையிற் பிடித்துத் திரையிலுள்ள சிறு படங்களைத் தட்டுவதே அம்முறை என்று இன்று பலரும் கருதுகின்றனர். ஆனால், சுட்டியைத் தொடாமலே, பத்து விரல்களையும் விசைப்பலகையின் மீது வைத்தபடியே கணினியின் வேலைகள் அனைத்தையும் செய்து முடிக்கும் முறையும் உண்டு. அது பழைய முறை. ஆனால் வழக்கொழிந்த முறையன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களுள் சில, இம்முறையையே அடிப்படையாகக் கொண்டு புதிய புதிய வெளியீடுகளாக வந்தவண்ணம் உள்ளன. அவ்வழங்கல்களில் வானொலி கேட்பதற்கும் சுட்டி வேண்டுவதில்லை. இரண்டு விசைகள் போதும்.

இது வெறும் விரைவைப் பற்றிய செய்தியன்று. கண் காணாத ஒருவருக்குச் சுட்டியின் அம்புக்குறியால் பயன் யாது? பத்தாண்டு, பதினைந்தாண்டுக்கு முன் வாங்கிய கணினியை வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு, அழகிய படங்கள் நிறைந்த பெரிய இயங்குதளத்தால் பயன் யாது? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு நோக்கினால்தான், விசைப்பலகை வழி இயங்கும் லினக்ஸின் சிறப்பும் குறையும் தெளிவாக விளங்கும்.

லினக்ஸ் வழங்கல் என்பது யாது?

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தாம் எழுதிவந்த ஓர் இயங்குதளக் கருவைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். கரு மட்டும் இருந்தால் கணினி பயன்படாது. கோப்பைத் திறக்கவும், எழுதவும், படிக்கவும் வேறு பல நிரல்கள் வேண்டும். அத்தகைய நிரல்களை, யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து ஆக்கும் திட்டத்தை ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தார். கருவும் இந்நிரல்களும் ஒன்று சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் உருவாயிற்று.

இவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்து, எளிதில் நிறுவத்தக்க ஒரு தொகுப்பாக வெளியிடுவதையே ‘வழங்கல்’ என்கின்றனர். நெல்லும் பருப்பும் காய்கறியும் தனித்தனியே சந்தையிற் கிடைப்பினும், அவற்றைச் சமைத்து இலையிற் பரிமாறுவது வேறு வேலையன்றோ? வழங்கல் அத்தகைய வேலை. 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இன்றளவும் வாழும் பழைய வழங்கல்களுள் ஒன்று. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவோடு வெளிவரும் பெடோரா மற்றொன்று. டெபியனின் வெளியீடு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வரும். பெடோராவோ ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை வரும். முன்னது பழுத்த பின் பறிப்பது. பின்னது புதுமையை முந்தித் தருவது. அதற்கேற்ப, டெபியன் வெளியீடு ஒவ்வொன்றும் ஐந்தாண்டளவு பேணப்படும். பெடோரா வெளியீடு ஏறத்தாழப் பதின்மூன்று திங்களே பேணப்படும்.

விசை முன்னது, சுட்டி பின்னது

கணினியின் வரலாற்றில் விசைப்பலகையே முந்தியது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கியபோது, கட்டளைகளைத் தட்டச்சுப் பொறி போன்ற தொலை எழுத்துக் கருவியில் அடித்தே கணினியோடு உரையாடினர். அக்கருவி மெதுவானது, ஒவ்வோர் எழுத்தும் தாளில் ஓசையுடன் பதியும். ஆகவேதான் யூனிக்ஸின் கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கி நின்றன என்பர். லினக்ஸ் அம்மரபில் வந்தது.

டக்ளஸ் எங்கெல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் சுட்டியைப் பொதுமக்கள் முன் செய்துகாட்டியது 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள். அது வீடுதோறும் பரவியது 1980களிலும் அதற்குப் பின்னரும்தான். சுட்டி கற்பதற்கு எளிது. எதனையும் நினைவில் வைக்க வேண்டுவதில்லை. கண்ணால் கண்டதைக் கையால் தொட்டால் போதும். அதுவே அதன் வெற்றிக்குக் காரணம். ஆனால், எழுத்து வேலையிலேயே நாள் முழுதும் ஈடுபட்டிருப்பவர், சுட்டிக்கும் விசைக்கும் இடையே கையை ஒரு நாளில் நூறு முறை மாற்ற வேண்டியிருக்கிறது.

இத்துறையில் சிறு செய்திகளிலும் வரலாறு ஒளிந்திருப்பதைக் காணலாம். 1976ஆம் ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் ‘விஐ’ என்னும் எழுத்துத் திருத்தியை ஆக்கினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே இடப்புறம், கீழ், மேல், வலப்புறம் என்னும் நான்கு திசைகளுக்கும் அந்நான்கு எழுத்துகளையே அவர் வைத்தார். அம்முனையம் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அந்நான்கு விசைகளோ இன்றும் நிலைத்துள்ளன. வானொலி நிலையங்களின் பட்டியலில் மேலும் கீழும் செல்வதற்கும் இன்று அவையே பயன்படுகின்றன.

ஓடு பதித்தாற் போன்ற திரை

விசைப்பலகை வழி இயங்கும் வழங்கலின் உயிர்நிலை அதன் சாளர மேலாளரே. திரையில் எந்தச் சாளரம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு இடம் கொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்யும் நிரலுக்கே அப்பெயர். வழக்கமான கணினிகளில் சாளரங்கள் மேசைமேற் சிதறிய தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அவற்றை இழுத்து ஒதுக்குவது பயனரின் பொறுப்பு. ஓடு பதிக்கும் முறையிலோ, தரையில் ஓடுகள் பதித்தாற்போலச் சாளரங்கள் இடைவெளியின்றி அருகருகே அமையும். புதிய சாளரம் ஒன்று திறந்தால், முன்னது தானே சுருங்கி இடம் கொடுக்கும். மூடினால் எஞ்சியது விரிந்துகொள்ளும். இழுப்பதற்கு ஒன்றுமில்லாததால் சுட்டிக்கும் வேலையில்லை.

இம்முறையும் புதிதன்று. 1985ஆம் ஆண்டில் வந்த மைக்ரோசாப்டு விண்டோஸின் முதல் வெளியீட்டிலேயே சாளரங்கள் இவ்வாறுதான் அமைந்தன. பின்னர் அது கைவிடப்பட்டது. லினக்ஸ் உலகில் சிலர் அதனை மீட்டெடுத்தனர். 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு மேலாளருக்கு ‘எலி நஞ்சு’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். சுட்டியை ஆங்கிலத்தில் எலி என்பதால் எழுந்த நகைச்சுவை அது! 2006ஆம் ஆண்டில் வந்த ‘டி.டபிள்யூ.எம்.’ என்பதன் ஆசிரியர்கள், தம் நிரல் 2,000 வரிகளுக்கு மேற்செல்லலாகாது என்று தாமே வரம்பிட்டுக்கொண்டனர். 2009ஆம் ஆண்டில் ஜெர்மானியரான மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் தொடங்கிய ‘ஐ-3’ இவற்றுள் பெரும் புகழ் பெற்றது.

ஐ-3 முதன்முறை இயங்கும்போது பயனரிடம் ஒரு வினா எழுப்பும். தலைமை விசையாக எதனை வைக்கலாம் என்பதே அவ்வினா. பெரும்பாலோர் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையைத் தேர்வர். பின்னர் எல்லாம் அத்தலைமை விசையோடு வேறொரு விசையைச் சேர்த்து அழுத்துவதேயாம். ‘என்டர்’ விசையைச் சேர்த்தால் கட்டளை முனையம் திறக்கும். ‘டி’ சேர்த்தால் நிரற்பெயர்களின் பட்டியல் தோன்றும். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்தால் உரிய நிரல் முன்வரும். ‘எப்’ சேர்த்தால் சாளரம் திரை முழுதும் விரியும். 1 முதல் 0 வரையுள்ள எண்கள், பத்துப் பணியிடங்களுக்கு உரியவை. முதற் பணியிடத்தில் பாடக் குறிப்பு, இரண்டாவதில் அகராதி, மூன்றாவதில் அஞ்சல், பத்தாவதில் வானொலி என்று வைத்துக்கொண்டால், எங்கிருந்தாயினும் ஓர் எண்ணை அழுத்தி அவ்விடத்தை அடையலாம்.

இவ்விசைகள் யாவும் ஒரே உரைக் கோப்பில், ஒவ்வொன்றும் ஒரு வரியாக எழுதப்பட்டுள்ளன. விருப்பமில்லாத வரியைத் திருத்தலாம், இல்லாததைச் சேர்க்கலாம். எண்ணற்ற பெட்டிகளையும் பொத்தான்களையும் தேடி அலைய வேண்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தம் கணினியின் நடத்தையைத் தாமே எழுதி வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இது.

வானொலி இணையத்தில் வரும் வகை

சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய ரெடிபியூஷன் வானொலியை மூத்த வாசகர் பலர் அறிவர். அலைவாங்கியின்றிக் கம்பி வழியே வீட்டுக்கு வந்த வானொலி அது. இணைய வானொலியும் ஒருவகையிற் கம்பி வழி வானொலியே. ஆனால் ரெடிபியூஷனில் நிலையம் அனுப்பியதை எல்லாரும் ஒருங்கே பெற்றனர்; இணையத்திலோ, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஓடை பிரிந்து செல்கிறது. ஆயிரவர் கேட்டால் ஆயிரம் ஓடைகள். கேட்போர் பெருகப் பெருக நிலையத்தின் செலவும் பெருகும். அலைவழி ஒலிபரப்பில் இச்சிக்கல் இல்லை.

1994ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் நிலையம் ஒன்று தன் ஒலிபரப்பை இணையத்திலும் அனுப்பத் தொடங்கியது. இத்துறையின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. 1990களின் இறுதியில் ‘ஷவுட்காஸ்ட்’ என்னும் நிரலும், அதற்கு மாற்றாக யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ‘ஐஸ்காஸ்ட்’ என்னும் நிரலும் வந்தன. அதன்பின் எளிய கணினி வைத்திருப்பவரும் நிலையம் நடத்தலாம் என்னும் நிலை பிறந்தது.

நிலையத்தில் பேச்சும் பாட்டும் எண்களாக்கப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. அவ்வெண்கள் துண்டு துண்டாகக் கேட்பவரின் கணினிக்கு வருகின்றன. கணினி உடனே ஒலிக்காமல், சில நொடிக்குரிய எண்களைத் தொட்டியில் நீர் தேக்குவதுபோலத் தேக்கிக்கொண்டு, பின்னர் சீராக ஒலிக்கிறது. வழியில் தடை நேர்ந்தாலும் தொட்டி வற்றும்வரை பாட்டு அறாது. இணைய வானொலியின் மணியோசை கடிகாரத்துக்குச் சற்றுப் பிந்தி ஒலிப்பது இதனாலேயே. பல நிலையங்கள் ஒலியின் இடையிடையே, குறித்த தொலைவுக்கு ஒருமுறை, பாட்டின் பெயரையும் எழுத்தாகச் செருகி அனுப்புகின்றன. அப்பெயரே கேட்பவரின் திரையில் தோன்றுவது.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒலிபரப்பும் நிலையத்தை ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 மெகாபைட் செலவாகும். 64 கிலோபிட் ஓடையாயின் அதிற் பாதி, 28.8 மெகாபைட். அளவுக்குக் காசு கொடுக்கும் வீட்டார் இக்கணக்கை அறிந்திருத்தல் நலம்.

ஆக, இணைய வானொலி நிலையம் என்பது கணினிக்கு ஒரு முகவரி. ஒரு வரி எழுத்து. படமும் பொத்தானும் விளம்பரமும் நிலையத்தின் பக்கத்தில் இருக்கலாம். அவை வானொலிக்கு இன்றியமையாதன அல்ல. விசைப்பலகை வழங்கலுக்கும் வானொலிக்கும் உள்ள இயல்பான பொருத்தம் இங்கேதான் உள்ளது. எழுத்தை நன்கு கையாளும் கருவிக்கு, எழுத்தால் அமைந்த முகவரி போதுமானது.

காப்புரிமை என்னும் தடை

பல்லாண்டுகள் வரை, ஒரு வழங்கலை நிறுவியவுடன் வானொலி கேட்டுவிட முடியாத நிலை இருந்தது. பெரும்பாலான நிலையங்கள் பயன்படுத்திய எம்.பி.3 என்னும் சுருக்கமுறை காப்புரிமைக்கு உட்பட்டிருந்ததே அதற்குக் காரணம். ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் அவ்வுரிமையைப் பெற்றிருந்தனர். தடையற்ற மென்பொருளை மட்டுமே வழங்குவது என்னும் கொள்கையுடைய பெடோரா, எம்.பி.3 ஒலிப்பானைத் தன் தொகுப்பிற் சேர்க்கவில்லை. பயனர் வேறிடத்திலிருந்து அதனைத் தேடிப் பெற வேண்டியிருந்தது. புதியவர் பலர், வழங்கல் பழுதுடையது என்று எண்ணி அதனைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தடைக்கு மாற்றாக ஆக்கப்பட்டதே ‘ஓக் வோர்பிஸ்’ என்னும் உரிமைக் கட்டணமற்ற முறை. அதன் முதல் முழு வெளியீடு 2002ஆம் ஆண்டில் வந்தது. 2012ஆம் ஆண்டில் ‘ஓப்பஸ்’ என்னும் இன்னும் சிறந்த முறை இணையத் தரமாக ஏற்கப்பட்டது. காப்புரிமைகளும் காலப்போக்கில் முடிவுற்றன. 2016 நவம்பரில் வந்த பெடோராவின் 25ஆம் வெளியீடு எம்.பி.3 ஒலியை இசைக்கும் நிரலைத் தன்னுடனே கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் பிரான்ஹோபரின் உரிமத் திட்டமும் முடிவுற்றது. ஒரு வெளியீட்டின் புதுமை அதன் நிரலாளர் திறமையால் மட்டும் வருவதன்று. சட்டத்தின் கதவு திறக்கும் நாளையும் அது எதிர்நோக்கி நிற்கிறது என்பதற்கு இது சான்று.

விசைகளால் வானொலி கேட்டல்

இனி, வானொலிக் கருவிகளைக் காணலாம். மூன்று வகையினவாக அவற்றைப் பகுக்கலாம்.

முதல் வகை, முகவரியைக் கொடுத்தவுடன் ஒலிக்கும் எளிய நிரல். ‘எம்.பி.வி.’ என்பது இவ்வகையிற் சிறந்தது. முனையத்தில் அதன் பெயரை அடித்து, நிலையத்தின் முகவரியைத் தொடர்ந்து எழுதினால் ஒலி எழும். இடைவெளி விசை ஒலியை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் உதவும், 9 என்னும் எண் ஒலியைக் குறைக்கும், 0 கூட்டும், ‘எம்’ வாய்மூடச் செய்யும், ‘க்யூ’ நிரலை முடிக்கும். இவ்வளவே அதற்குக் கற்க வேண்டிய பாடம்.

இரண்டாம் வகை, நிலையங்களின் பட்டியலை உடையது. ‘பைரேடியோ’ என்பது எடுத்துக்காட்டு. முனையத்திலேயே நிலையங்கள் வரிசையாகத் தோன்றும். ‘ஜே’ விசையாற் கீழும் ‘கே’ விசையால் மேலும் சென்று, ‘என்டர்’ அழுத்தினால் நிலையம் பேசத் தொடங்கும். தன்னார்வலர்கள் சேர்ந்து பேணும் ‘ரேடியோ பிரவுசர்’ என்னும் பொதுப் பட்டியலில் தேடி, வேண்டிய நிலையத்தைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. ஒலிக்கும் வேலையை அது தானே செய்வதில்லை, எம்.பி.வி. போன்ற நிரலிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையைச் செய்க, அதனை நன்கு செய்க என்னும் யூனிக்ஸ் கொள்கை இங்கும் வெளிப்படுகிறது.

மூன்றாம் வகை, திரைக்குப் பின்னே நின்று இசைப்பது. ‘எம்.பி.டி.’ என்பது அத்தகையது. அதற்குச் சாளரமே கிடையாது. கட்டளை கொடுக்கும் நிரல் வேறு, இசைக்கும் நிரல் வேறு. கூடத்தில் உள்ள பழைய கணினி இசைக்க, அறையில் உள்ள மற்றொரு கணினியிலிருந்து நிலையத்தை மாற்றலாம்.

இவற்றைச் சாளர மேலாளரோடு இணைப்பதுதான் சுவையான பகுதி. முன்னர்க் கூறிய உரைக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, தலைமை விசையோடு வேறு பணிக்கு ஒதுக்கப்படாத ஒரு விசையை அழுத்தினால் குறித்த நிலையம் ஒலிக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். மற்றொரு வரி அதனை நிறுத்தும். இவ்வாறு செய்தபின் கணினி ஒரு பழைய வானொலிப் பெட்டிபோல ஆகிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் நிலையம். சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எப்.எம். ஆகிய தமிழ் நிலையங்களும் இணையத்தில் ஒலிபரப்புவதால், அவற்றையும் இவ்வாறு கேட்கலாம்.

புதிய வெளியீடுகள் தந்தனவும் பறித்தனவும்

2021 ஏப்ரலில் வந்த பெடோராவின் 34ஆம் வெளியீடு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஐ-3 மேலாளரை முதலிலேயே அமைத்துத் தரும் தனிப் பதிப்பு அவ்வெளியீட்டில்தான் முதன்முதலாக வந்தது. அதே வெளியீட்டில் ஒலியைப் பகிர்ந்தளிக்கும் பணி, ‘பைப்வயர்’ என்னும் புதிய நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் வந்த 38ஆம் வெளியீட்டில் ‘ஸ்வே’ என்னும் மேலாளருக்கும் தனிப் பதிப்பு கிடைத்தது.

ஐ-3 இருக்க, ஸ்வே எதற்கு? லினக்ஸ் திரைகள் நெடுங்காலமாக ‘எக்ஸ்’ என்னும் அமைப்பின் மேல் இயங்கின. அது 1984ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. அதில் ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் செல்லும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கடவுச்சொல்லைத் திருடவும் முடியும். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வேலண்ட்’ என்னும் புதிய அமைப்பு அவ்வழியை அடைத்தது. ஐ-3 வேலண்டில் இயங்காது. ஆகவே ஐ-3க்கு எழுதிய உரைக் கோப்பை ஏற்றுக்கொள்ளும் வண்ணம் ஸ்வே ஆக்கப்பட்டது. அதன் முதல் முழு வெளியீடு 2019 மார்ச்சில் வந்தது. பழகிய விரல்கள் புதிய வீட்டிலும் தடுமாறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

ஒரு பக்கம் அடைத்த கதவு, மற்றொரு பக்கம் துன்பத்தையும் விளைத்தது. கண் காணாதார்க்குத் திரையைப் படித்துச் சொல்லும் ‘ஓர்க்கா’ போன்ற நிரல், எந்தச் சாளரம் முன்னே இருப்பினும் தனக்குரிய விசைகளைக் கேட்டறிய வேண்டும். ஒட்டுக்கேட்பதைத் தடுத்த அமைப்பு, கள்வனையும் தடுத்தது, துணைவனையும் தடுத்தது. 2025 மார்ச்சில் வந்த ‘ஜினோம்’ மேசைத்தளத்தின் 48ஆம் வெளியீட்டில், ஓர்க்காவின் விசைகள் வேலண்டில் இயங்க வழி செய்யப்பட்டது. புதுமையை ஆக்குவோர் முதலிலேயே எல்லாரையும் எண்ணிப் பார்த்திருந்தால் இத்தனை ஆண்டு இடைவெளி நேர்ந்திராது.

பழைய கணினி வைத்திருப்போருக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. 32 பிட் செயலி மட்டுமே உடைய கணினிகளுக்கான ஆதரவைப் பெடோரா 2019 அக்டோபரில் வந்த 31ஆம் வெளியீட்டோடு கைவிட்டது. 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் வந்த டெபியன் 13ஆம் வெளியீட்டிலும் அத்தகைய கணினிகளுக்குரிய கருவும் நிறுவியும் இல்லை. சோதித்துப் பார்க்கும் ஆட்களும் பொறிகளும் அருகிவிட்டன என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், உரையை அடிக்கவும் வானொலி கேட்கவும் இன்னும் வல்லமையுள்ள பொறிகள் புதிய வெளியீடுகளினின்று விலக்கப்பட்டன என்பதும் உண்மை. 2023ஆம் ஆண்டில் வந்த ‘ஆன்டிஎக்ஸ்’ 23 போன்ற சிறு வழங்கல்கள் 32 பிட் பதிப்பையும் தந்தன. எனினும் அது டெபியனின் 12ஆம் வெளியீட்டை அடியாகக் கொண்டது. அடிமரம் பட்டுப்போனால் கிளை எத்தனை நாள் தழைக்கும்?

கண் காணாதார்க்கு ஓர் ஏணி

விசைப்பலகையின் அருமையை முற்றும் உணர்ந்த வழங்கல் ஒன்றை இங்குக் கூறாமல் விடலாகாது. ஜெர்மானியரான கிளவுஸ் நாப்பர், கணினியில் நிறுவாமலே வட்டிலிருந்து நேரே இயங்கும் ‘நாப்பிக்ஸ்’ என்னும் வழங்கலை ஆக்கியவர். அவருடைய மனைவியார் பார்வைக் குறைபாடு உடையவர். அவருக்காகவும் அவர் போன்றோருக்காகவும் நாப்பிக்ஸில் ஒரு பேசும் சூழலை அமைத்து, மனைவியாரின் பெயரையே ‘அட்ரியானே’ என்று அதற்குச் சூட்டினார். 2007ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அட்ரியானே அம்மையாரும் அதன் ஆக்கத்திற் பங்கு கொண்டார். கணினி தொடங்கியவுடன் பட்டியல் ஒன்று குரலிற் படிக்கப்படும். அம்புக்குறி விசைகளால் நகர்ந்து அஞ்சல் படிக்கலாம், இணையத்தில் உலவலாம், அச்சிட்ட தாளை வருடிக் குரலாகக் கேட்கலாம். திரை இல்லாவிடினும் வேலை நடக்கும்.

இத்தகைய சூழல்களுக்குக் குரல் தரும் நிரல்களுள் ஒன்று ‘ஈஸ்பீக்’. ஜோனதன் டட்டிங்டன் என்பவர் தொடங்கியது. சில மெகாபைட் அளவே உள்ளது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவது. அவற்றுள் தமிழும் ஒன்று. அதன் தமிழ் மனிதக் குரல்போல் இனிமையானதன்று. இயந்திரத் தன்மை மிக்கது. எனினும், கண் காணாத மாணவன் ஒருவன் தமிழ்க் கோப்பைத் தானே படிக்க முடிகிறது என்றால், இனிமைக் குறைவு பொறுக்கத்தக்கதே.

தமிழுக்கு எஞ்சி நிற்கும் குறை

தமிழ் எழுதுவதில் லினக்ஸ் பின்தங்கவில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த அவ்வமைப்பு, கையைச் சுட்டிக்குக் கொண்டுபோகாத முறைக்கு நன்கு பொருந்துவதாகும்.

குறை இருப்பது காட்சியில். முனையம் என்பது சதுரக் கட்டம் போட்ட தாள் போன்றது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அதன் இலக்கணம். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கும். தமிழோ அவ்வாறு அடங்குவதில்லை. ‘மின்னல்’ என்னும் சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்குள்ளோ ஏழு குறிகள். ‘கொ’ என்னும் ஒரே எழுத்து, மெய்க்கு இருபுறமும் குறி கொண்டு நிற்பது. ஆகவே பல முனையங்களில் தமிழ் நிலையங்களின் பெயர்கள் புள்ளி பிரிந்தும் கொம்பு இடம் மாறியும் தோன்றுகின்றன. சில முனையங்கள் இதனைச் செம்மையாகக் காட்டுகின்றன; பல காட்டுவதில்லை. இது மொழியின் குறையன்று. ஆங்கிலத்தை அளவாக வைத்துச் செய்த கட்டத்தின் குறை. எழுத்தாலேயே இயங்கும் கணினி, தமிழ் எழுத்தைப் பிழையின்றிக் காட்டாதவரை தமிழருக்கு முழுதும் பயன்பட்டதாகாது. நிரல்கள் யாவருக்கும் திறந்தே கிடப்பதால், தமிழும் நிரலும் ஒருங்கே கற்ற இளைஞர்கள் இதனைத் திருத்த முற்படலாம். எவரிடமும் இசைவு கேட்டு நிற்க வேண்டுவதில்லை.

யாருக்குப் பயன்?

விசைப்பலகை வழங்கல் எல்லாருக்கும் ஏற்றதென்று கூறுவதற்கில்லை. விசைகள் விரலுக்குப் பழகும் வரை, சுட்டியால் நொடியில் முடியும் வேலை நெடுநேரம் எடுக்கும். ஓவியம் தீட்டுவோருக்கும் படங்களைத் திருத்துவோருக்கும் சுட்டியே உகந்தது. ஆனால் எழுத்தே தொழிலாக உடைய ஆசிரியர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கு இம்முறை கைகொடுக்கும். கண்பார்வை குறைந்தோருக்கு இது வசதியன்று, தேவை.

அறிய விரும்புவோர் தம் கணினியில் உள்ளதை அழிக்க வேண்டுவதில்லை. பெடோராவின் ஐ-3, ஸ்வே பதிப்புகளையும் நாப்பிக்ஸையும் ஒரு பென் டிரைவில் இட்டு, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். பழைய கணினியாயின், அதன் செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெளியீட்டின் எண்ணைக் காட்டிலும், அது எத்தனை காலம் பேணப்படும் என்பதைப் பார்த்துத் தேர்தல் வேண்டும். புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பழையது என்பதாலேயே ஒன்று தள்ளத்தக்கதும் ஆகாது. ஐம்பதாண்டுக்கு முன் ஒரு முனையத்தின் நான்கு விசைகளிற் பொறித்த அம்புக்குறிகள் இன்றும் வானொலி நிலையத்தை மாற்ற உதவுகின்றன என்பதே அதற்குப் போதிய சான்றாகும்.